முப்பத்து மூன்றாம் எழுத்து

ஷார்ஜா தொழில்பேட்டை
12 பிப்ரவரி 2005

பாக்கியம்,

போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். போன் கார்டு வாங்கிப் பேசினால் பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே போய்விடுகிறது. ஆபீஸ் மெயிலை மேனேஜர் படிக்கிறார்.

எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் தங்குகிற லேபர் கேம்ப் வாசலில் உன் கம்பெனியின் கார்டு மெஷினை மாட்டிய அன்று நான் எப்படித் துள்ளினேன் என்று உனக்குத் தெரியும். நான் சொல்லித்தான் வாங்கினார்கள். மெஷினிலிருந்து கார்டைப் படித்துத் தருகிற சி மொழிப் பகுதி நீ எழுதியது. அதை வாங்கித் திரையில் காட்டி, ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று பதிகிற சி ஷார்ப் பகுதி நான் எழுதியது. நம் கல்யாணத்துக்குப் பிறகு நாம் சேர்ந்திருந்தது ஒரே ஒரு லீவு. ஆனால் சாயங்காலம் ஒவ்வொரு ஆளும் கார்டை உரசும்போது என் புரோகிராம் உன் புரோகிராமைக் கூப்பிடுகிறது, உன்னுடையது பதில் சொல்கிறது. நம்மைவிட அவை அதிகம் பேசிக்கொள்கின்றன என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சோலைமுத்து என்று ஒருவர். கமுதிப் பக்கம். சைட்டில் கம்பி கட்டுகிறார். அவருக்குக் கார்டு கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் முழுவதும் அவர் கேம்புக்குத் திரும்பவில்லை என்று கணினி சொல்கிறது. ஆபீஸ் அவரைத் தேடவில்லை. கேம்ப் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது, ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. ஓடிப்போனவர் என்று லேபர் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டார்கள். பாக்கியம், அந்த மனிதர் ஒவ்வொரு ராத்திரியும் தன் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். சைட்டில் ஃபோர்மேன் அவருக்கு வருகை போட்டிருக்கிறார். அதைச் சொன்னால், ஃபோர்மேன் காசு வாங்கிக்கொண்டு போட்டிருப்பான் என்கிறார்கள். மனிதன் சொல்வது பொய், மெஷின் சொல்வது மெய். புகார் உறுதியாகிவிட்டால் அவரை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். மறுபடி இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். இன்னும் இரண்டு பேர் மேல் புகார் தயாராகிறது. அவர்களும் தமிழர்கள். 'உங்க ஆளுங்களுக்கு ஓடுறதே வேலை' என்று மேனேஜர் என்னிடமே சொன்னார்.

என் பக்கம் பார்த்தேன். உன் பக்கத்திலிருந்து அவர் எண் சரியாக வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் கம்பெனிக்கு மெயில் போட்டேன், தவறு உங்கள் லைப்ரரியில் என்று. மேனேஜர் பக்கத்தில் நின்று போடச் சொன்னார். உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். நேரமில்லை.

சீக்கிரம் பார்.

சீலன்


சலாலா
ஓமன்
19 பிப்ரவரி 2005

திரு. ஜெயசீலன் அவர்களுக்கு,

உங்கள் மின்னஞ்சல் எங்கள் திங்கள்கிழமைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கப்பட்டது. முதலாளி உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, உன் புருஷன்தானே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதை நான் மறக்க நாளாகும்.

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிற வாரத்தில், தவறு உங்கள் லைப்ரரியில் என்று என் வீட்டுக்காரரே எழுதுகிறார். 'உங்கள்' என்றால் யாருடையது? அந்த லைப்ரரியை, கார்டைப் படிக்கிற அந்த சி பகுதியை, இந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான் எழுதினேன். அது தெரிந்த ஆள் ஷார்ஜாவில் ஒருவர்தான்.

என் பக்கம் எல்லாச் சோதனையும் தேறியது. சோதனைக் கார்டுகள் அனைத்தும் நானே அடித்தவை. பெயர்களுக்கு எங்கே போவது என்று யோசித்து, திருநெல்வேலியில் நாம் படித்த வகுப்பின் அட்டெண்டன்ஸை ஞாபகத்திலிருந்து அடித்தேன். முதல் கார்டு ஏ. ஜெயசீலன். அது ஒரு முறைகூடத் தவறவில்லை. அந்த ஜெயசீலன் நல்ல பையன்.

இப்போது என் கேள்விகள். என் பக்கத்திலிருந்து வந்த எண் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது? கத்துகிறதா, சும்மா இருக்கிறதா? உங்களுடையது மேனேஜ்ட் கோட். எடுத்துப் போட்டதை அள்ளி வைக்க ஆள் உண்டு, விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. என்னுடையது நேட்டிவ். கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் எடுத்தேன், எங்கே வைத்தேன், எப்போது திருப்பிக் கொடுத்தேன் எல்லாம் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சாப்பிட்ட தட்டு தானாகக் கழுவிக்கொள்ளும் என்றுதான் நீ அந்த லீவு முழுக்க நம்பினாய்.

அபிப்பிராயம் அனுப்ப வேண்டாம். அந்த மனிதரின் கார்டைப் படிக்கும்போது பெயருக்கான இடத்தில் என்ன வருகிறது, எண்ணுக்கான இடத்தில் என்ன வருகிறது, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்புங்கள். ஆபீஸ் மெயிலில் வேண்டாம், கையால் எழுதுங்கள். நம் இரண்டு புரோகிராமுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. ஸ்ட்ரிங், அந்த எழுத்துச் சரம், அதை எப்படித் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் பல்வலி எப்படி இருக்கிறது என்று பிரபாவதி கேட்கச் சொன்னாள். என்னோடு தங்கியிருக்கிற நர்ஸ் அவள், அவளுக்கு எல்லார் பல்லைப் பற்றியும் கவலை. நான் கேட்கவில்லை.

அன்னபாக்கியம்


ஷார்ஜா தொழில்பேட்டை
27 பிப்ரவரி 2005

பாக்கியம்,

'திரு' என்று எழுதாதே. உன் கையெழுத்தில் அதைப் படிக்க முடியவில்லை.

மெயில் அனுப்பியது தவறு. மேனேஜர் நின்றார் என்று எழுதியதும் தவறு. அவர் நின்றார், ஆனால் விரல் என்னுடையது. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பிரபாவதிக்குச் சொல். நீ கேட்காததால் உனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கேம்புக்குப் போனேன். ஆறு பேர் படுக்கிற அறையில் பன்னிரண்டு பேர். ஒருவர் காலை நீட்டினால் அடுத்தவர் கட்டிலில் போய் முட்டும். சோலைமுத்து கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பேர் இல்லாததால் சைட் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. ஓடிப்போனவர் வேலைக்கு வரக்கூடாதாம். ஆபீசுக்கு நேரில் போய், நான் ஓடவில்லை, இதோ நிற்கிறேன் என்றிருக்கிறார். ஓடியவன் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்களாம். பாஸ்போர்ட் கம்பெனி பெட்டிக்குள் இருக்கிறது. ஓடுகிறவன் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டா ஓடுவான் என்று ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் உயரமான கட்டடம் ஒவ்வொன்றிலும் இவர்கள் கட்டிய கம்பி இருக்கிறது. இவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கார்டு சாட்சி சொல்ல வேண்டும்.

கோளாறு நேட்டிவ் பக்கத்தில் இருக்கலாம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"என் நேட்டிவ்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. கமுதியில போயி யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அது வேற நேட்டிவ் என்று விளக்கப் போனேன். கேட்டுக்கொண்டார். கார்டை வாங்கிப் பார்த்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தடவியபடி மேலும் ஒன்று சொன்னார். ஊரில் எல்லாருக்கும் வீ. சோலைமுத்துதானாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது ஏஜென்ட் அப்பா பேரை முழுசாக எழுதச் சொன்னாராம். இங்கே விசா அடிக்கும்போது தாத்தா பேரும் வேண்டும் என்றார்களாம்.

"மூணு பேரு வந்திருக்கோம் தம்பி. கம்பி கட்டுறது நான் ஒருத்தன்தான்."

கார்டை வாசலுக்கு எடுத்துப் போய் உரசிப் பார்த்தேன். நீ கேட்டபடி ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறேன்.

பெயர்: SOLAIMUTHU VEERABATHIRAN KARMEGAM என்று கார்டில் இருக்கிறது. என் பக்கம் வரும்போது கடைசி கொஞ்சம் நறுக்கப்பட்டிருக்கிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை, எண்தான் முக்கியம் என்று விட்டுவிட்டேன்.

எண்: 40718 என்று வர வேண்டும். வந்தது M. அந்த ஒரே எழுத்து. எத்தனை முறை உரசினாலும் அதேதான். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

நீ கேட்ட இன்னொன்று. எண் பட்டியலில் இல்லாவிட்டால் என் புரோகிராம் சும்மா இருக்கும். கத்தாது, யாருக்கும் சொல்லாது, அடுத்த ஆளுக்குப் போய்விடும். வரிசை நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே நானேதான் கழுவுகிறேன். ரூமில் எல்லாரும் என்னைத்தான் கழுவச் சொல்கிறார்கள்.

சீலன்


சலாலா
5 மார்ச் 2005

சீலா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். 'மூணு பேரு வந்திருக்கோம்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த M எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயே. அது கார்மேகத்தின் கடைசி எழுத்து. சோலைமுத்துவின் தாத்தா.

எண்ணிப் பார். இடைவெளிகளையும் சேர்த்து அவர் பெயர் முப்பத்து மூன்று எழுத்து. பெயருக்கு நான் ஒதுக்கிய இடம் முப்பத்திரண்டு. அதற்குள்ளும் பெயர் இங்கே முடிந்தது என்று காட்ட ஒரு பூஜ்யம் வைக்க இடம் விட வேண்டும். பெயருக்கு அடுத்த இடம் எண்ணுக்கு. நான் கார்டிலிருந்து எண்ணை முதலில் எடுத்து அதன் இடத்தில் வைக்கிறேன். பிறகு பெயரை எடுத்துக் கொட்டுகிறேன், அளக்காமல். முப்பத்திரண்டு எழுத்து அறைக்குள் அடங்குகிறது. முப்பத்து மூன்றாவது எழுத்து, அந்த M, எண்ணின் கட்டிலில் போய்ப் படுத்துவிடுகிறது. அதன் பின்னாலேயே முடிவுப் பூஜ்யமும் போகிறது. ஆகவே எண் என்றால் M, அவ்வளவுதான். இடம் போதாத அறையில் ஒருவர் கால் அடுத்தவர் கட்டிலில் முட்டும் என்று நீதானே எழுதினாய். இரண்டும் வாசல் தாண்டி உன் பக்கம் வரும்போது, பெயரை அதன் அளவுக்கு நறுக்கி, சட்டை மாட்டி, தலை சீவி அனுப்பிவிடுகிறார்கள். உனக்கு அது ஒழுங்கான ஸ்ட்ரிங்காகத்தான் தெரியும். என் பக்கம் நடந்த அடிதடி தெரியாது.

ஏன் அளக்கவில்லை என்று கேள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் சோதனைக் கார்டுகள் நம் அட்டெண்டன்ஸ். ஏ. ஜெயசீலன், எஸ். நாகஜோதி, பி. பாலகுரு. நம் ஊரில் அப்பா என்றால் ஓர் எழுத்து. விமானம் ஏறினால்தான் அவர் முழுசாக விரிகிறார். இங்கே எங்கள் மெஷினை வாங்கிய துறைமுகத்துக்காரர்கள் கார்டில் முதல் பெயர் மட்டும் அடிப்பதால் தவறு அங்கேயும் மாட்டவில்லை. வேறு ஊர்க்காரி எழுதியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது, சீலா. முப்பத்திரண்டு ஏராளம் என்று எனக்குத் தோன்றியதே நான் தமிழச்சி என்பதால்தான். என் பாஸ்போர்ட்டை எடுத்து எண்ணினேன். என் பெயர், அப்பா பெயர், உன் பெயர். முப்பது வருகிறது. அதை அடித்துப் பார்த்திருந்தாலும் தேறியிருக்கும். எரிச்சலாக இருக்கிறது.

திருத்திய லைப்ரரியை இந்தக் கடிதத்தோடு சிடியில் வைத்திருக்கிறேன். பெயருக்கு எவ்வளவு இடம் தருகிறாய் என்று இனி நீ சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன், அடங்காவிட்டால் அடங்கவில்லை என்று சொல்வேன். என் லைப்ரரியைக் கூப்பிடுகிற உன் பக்கத்து வரிகளையும் மாற்று, எப்படி என்று தனித்தாளில் இருக்கிறது. பெயரை முழுசாக வாங்கிக்கொள்.

முதலாளியிடம் சொன்னேன். சத்தமில்லாமல் சிடியை அனுப்பிவிடு, எழுத்தில் ஒன்றும் தராதே என்றார். மெஷின் சரியாகிவிடும் இல்லையா என்றார். மெஷின் சரியாகிவிடும். சோலைமுத்து ஓடிப்போனவராகவே இருப்பார். மெஷின் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் முன்பு சொன்னதும் சரிதான் என்பார்கள்.

அதனால் காரணத்தை விளக்கி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு, உன் கம்பெனிக்கு நேராக ஃபேக்ஸ் அனுப்பப் போகிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள். தெரிந்துதான் செய்கிறேன். என்னைத் தடுக்கிற மாதிரி எதையும் எழுதாதே. உன் கடிதம் வருவதற்குள் ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும். இதை மஸ்கட் வழியாக அங்கே வருகிற பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்புளி. இது நான் கேட்டுக்கொள்வது.

பாக்கியம்


ஷார்ஜா தொழில்பேட்டை
14 மார்ச் 2005

என் பாக்கியத்துக்கு,

டிரைவர் உன் கவரைத் தந்த அன்று அதை இரண்டு முறை படித்தேன். உன் ஃபேக்ஸ் வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. உன் வேலை போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உட்கார்ந்து நான் ஒரு கடிதம் எழுதினேன். அதில் பொய் இல்லை. கார்டு சரியாகப் படிக்கப்படவில்லை என்று என் புரோகிராமுக்குத் தெரியும். தெரிந்தும் அதை யாருக்கும் சொல்லாமல் விழுங்கும்படி எழுதியது நான். எண் தெரியவில்லை என்று வாசலில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் காவலாளி அன்றைக்கே பார்த்திருப்பான். ஒரு மனிதன் இல்லாமல் போனது என் பக்கத்தில்தான். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு முகம்மது யூசுப் அண்ணனிடம் போனேன். அரசு அலுவலகங்களுக்கு எங்கள் கம்பெனிக் காகிதங்களைக் கொண்டுபோகிறவர் அவர்தான். காயல்பட்டினம். புகாரைக் கொடுத்தவரும் அவர்தான், திரும்ப வாங்க முடிந்தவரும் அவர்தான். அவர் மேஜையில் உன் ஃபேக்ஸ் ஏற்கெனவே கிடந்தது. நீ முந்திவிட்டாய்.

என்னுடையதைப் படித்தார். உன்னுடையதைப் படித்தார். மறுபடி என்னுடையது. முப்பத்திரண்டு, பூஜ்யம் எதுவும் அவருக்குப் புரியவில்லை, புரிய வைக்கவும் விடவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரு, உம்ம வீட்டுக்காரியா?"

ஆமாம் என்றேன்.

"தப்பு உன்னோடதுன்னு புருசனும் பொண்டாட்டியும் அடிச்சிக்கிறதப் பாத்திருக்கேன். என்னோடதுன்னு அடிச்சிக்கிறத இப்பத்தான் பாக்குறேன். சரி, தப்பு இந்தப் பக்கமாவது இருக்கட்டும், அந்தப் பக்கமாவது இருக்கட்டும். அந்த ஆளு பக்கம் இல்லைல்ல?"

இல்லை என்றேன்.

"கலாஸ், முடிஞ்சுது. அது போதும் எனக்கு."

இத்தனை நாள் நான் ஆபீசில் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒரு தாள் மட்டும் வந்திருந்தால், எழுதினவனைக் காப்பாற்ற இன்னொருவன் மேல் தள்ளியிருப்பார்கள், தள்ளித் தள்ளிக் கடைசியில் அது கேம்புக்கே திரும்பியிருக்கும். இரண்டு பக்கமும் கையெழுத்து இருந்ததால் தள்ளுவதற்கு இடமில்லாமல் போய்விட்டது. மேனேஜர் குதித்தார். யூசுப் அண்ணன் அவரிடம், இரண்டு கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகும் புகாரை வைத்திருந்தால் நாளைக்கு லேபர் ஆபீஸ் நம்மைத்தான் கேட்கும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். நியாயத்துக்காக அல்ல, பயத்துக்காக மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போகட்டும், போட்டார். நேற்று புகாரைத் திரும்ப வாங்கியாகிவிட்டது. மற்ற இரண்டு பேர் மேல் தயாராக இருந்த புகாரும் கிழிக்கப்பட்டது.

சாயங்காலம் உன் புது லைப்ரரியை ஏற்றினேன். பெயருக்கு இருநூற்று ஐம்பத்தாறு எழுத்து இடம் கொடுத்திருக்கிறேன். முப்பாட்டன் வரை வந்தாலும் படுக்கலாம். சோலைமுத்து உரசினார். 40718 வந்தது. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் பஸ்ஸில் ஏறு, டூட்டி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது காகிதம் யார் எழுதியது என்று சோலைமுத்து என்னிடம் கேட்டார். என் சம்சாரம், சலாலாவில் இருக்கிறாள் என்றேன். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை தம்பி. ஒரே வீட்ல இருந்திருந்தா கலந்து பேசி ஒரே காயிதமா எழுதியிருப்பீக. நான் மாட்டியிருப்பேன்."

அவர் தோளைத் தட்டிவிட்டு ரூமுக்கு வந்துவிட்டேன்.

இனி வாசல் புரோகிராமை நான் தொடக்கூடாதாம், வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். சம்பள உயர்வும் இந்த வருடம் இல்லை. அதை வைத்துத்தான் உனக்குக் குடும்ப விசா போடலாம் என்று இருந்தேன். வேலை இருக்கிறது. வேலை மட்டும் இருக்கிறது.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது. மறைக்காதே.

சீலன்


சலாலா
20 மார்ச் 2005

சீலா,

மறைக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. முதலாளி கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். நல்ல புரோகிராமர், ஆனால் வியாபாரம் தெரியவில்லை என்றார். லைப்ரரியின் மூலப்பிரதியை ஒப்படைத்துவிட்டேன். அளவு பார்க்கிற வரிகளை யாரும் வேகம் வேண்டுமென்று எடுத்துவிடாதபடி, ஏன் அவை இருக்கின்றன என்று மேலே எழுதி வைத்தேன். சோலைமுத்து பெயரைப் போடவில்லை. அவர் இதற்குள்ளும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உன் கடிதத்தைப் பிரபாவதிக்குப் படித்துக் காட்டினேன். நீ முந்தப் பார்த்தாய் என்பதைக் கேட்டு அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. தடுக்காதே என்று எழுதியும் நீ தடுக்கத்தான் பார்த்தாய். ஆனால் சிவப்பு விளக்கைப் பற்றி நீ எழுதியது உண்மை. அது உன் பக்கம்தான். அதை என்னோடது என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

குடும்ப விசா இப்போது இல்லை என்கிறாய். சரி. பிரபாவதியின் அண்ணன் ஷார்ஜாவில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். எனக்கு விசிட் விசா எடுத்துவிட்டார். ஊருக்குப் போகிற டிக்கெட்டை நான் வாங்கவில்லை. அங்கே வேலை தேடுவேன். அளக்கத் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்வேன், அதற்குச் சாட்சியாகக் கமுதிக்காரர் ஒருவர் இருக்கிறார். கிடைக்காவிட்டால் விசா முடிகிற அன்று சேர்ந்து யோசிப்போம், நீ தனியாகவும் நான் தனியாகவும் யோசித்து இரண்டு காகிதம் எழுத வேண்டாம். அடுத்த தடவை யாரும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நாம் ஒரே வீட்டில் இருந்து பார்க்கலாம்.

உன் ரூமில் ஆறு பேர் இருப்பார்கள் என்று தெரியும். இரண்டு வாரத்துக்கு எங்காவது ஒரு அறை பார். சிறியதாக இருந்தால் போதும்.

வியாழக்கிழமை காலை பஸ் அங்கே வருகிறது. அந்த மெயிலுக்கான சண்டையை நான் இன்னும் போடவில்லை, சீலா. கடிதத்தில் போட்டால் நீ மூன்றாம் பக்கத்தில் பல்வலி என்று எழுதித் தப்பித்துவிடுவாய். உனக்கு எதிரில் உட்கார்ந்து, நீ வேறு பக்கம் திரும்ப முடியாதபடி, முழுசாகப் போடப் போகிறேன். லீவு எடுத்துவிட்டு வா.

உன்
பாக்கியம்